ஆம்னி மேல் ஏறிய நாற்காலி

என் மகளுக்கு நாலு வயதில் பத்து நாள் விடாத காய்ச்சல் வந்தது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே அவளுக்குத் தெம்பு கிடையாது. அந்தக் காய்ச்சலில் மேல் பாதியும் துவண்டு போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "நடராஜா, இவளை எனக்கு விட்டுக்கொடு. வருஷா வருஷம் மார்கழித் தேருக்கு என் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் நிற்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். காய்ச்சல் இறங்கியது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் தவறாமல் தூக்கிக்கொண்டு போனேன்.

சிதம்பரத்துத் தேருக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற கோயில்களில் உற்சவர்தான் தேரேறுவார். இங்கே கருவறையில் இருக்கிற மூலவரே தேரேறி வீதிக்கு வருகிறார். உள்ளே வர முடியாதவர்களைப் பார்க்கத்தான் அவர் வெளியே வருகிறார் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு தெற்கு வீதியில் நிற்கும்போது, எங்களுக்காகவே வந்த மாதிரி இருக்கும். கை மரத்துப் போகும். அதுவும் ஒரு பிரார்த்தனைதான் என்று இருந்துவிடுவேன்.

அவளுக்கு இருபது வயதான வருஷம், கூட்டத்தில் ஒரு அம்மாள் அவள் கன்னத்தைத் தடவி, "கொழந்தைக்கு என்னா வயசு?" என்று என்னைக் கேட்டார். "இருவது" என்றேன். அந்த அம்மாள் 'ச்சு' கொட்டினார். நான் தேரைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். மகள் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

அடுத்த மார்கழியில் "நான் வரலப்பா" என்றாள். அதற்கடுத்ததிலும் வரவில்லை. நான் மட்டும் போய்விட்டு வந்தேன். வெறும் கையோடு நிற்பது கடன் வைத்துவிட்டு நிற்பது போல இருந்தது. மூன்றாவது வருஷம் கார்த்திகை பிறந்ததும் மனைவியிடம் புலம்பினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அவ உங்ககிட்ட சொல்ல மாட்டா. நான் சொல்றேன், கேட்டுக்குங்க" என்றாள். "கண்ணு எதிர்ல வடம் போவுதாம். ரெண்டு கையும் உங்க கழுத்தக் கட்டிக்கினு இருக்குதாம். பதினாறு வருஷம் தேருக்குப் போயும் ஒரு தடவகூட வடத்தத் தொடலயாம். அவ நாற்காலில போயி, அவ கையால வடம் புடிக்கணுமாம். அவ்ளோதான்."

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

நாற்காலி என்றால் மடக்குகிற சக்கர நாற்காலி இல்லை. அவளுடைய முதுகு வளைவுக்கு அச்செடுத்துச் செய்தது. பின்னால் பெரிய சக்கரம் இரண்டு, முன்னால் உள்ளங்கை அகலத்தில் சின்னச் சக்கரம் இரண்டு. போன வருஷம்தான் வந்தது. அது வந்த பிறகுதான் வீட்டில் அவள் இஷ்டப்படி அறைக்கு அறை போனாள், ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். எங்களிடம் இருந்ததோ பழைய ஆம்னி வேன். திருப்பாதிரிப்புலியூரில் நான் வைத்திருக்கிற பூஜைச் சாமான் கடைக்குச் சரக்கு ஏற்ற வாங்கியது. நாற்காலியை உள்ளே ஏற்றினால் அவளுக்கு இடமில்லை. அவளை ஏற்றினால் நாற்காலிக்கு இடமில்லை.

"நாற்காலிய ஒரு குட்டி யானை லோடு வண்டில அனுப்பிடலாமே" என்றேன்.

"என் காலு ஒரு வண்டில, நான் ஒரு வண்டிலயாப்பா?" என்றாள் மகள்.

அப்போதுதான் வண்டி மேல் பலகை அடிக்கிற யோசனை வந்தது. சொன்னது என் மச்சான், மனைவியின் தம்பி. சென்ட்ரிங் வேலை செய்கிறவன். வீடு கட்டும்போது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்துத் தாங்கல் கொடுப்பார்களே, அந்த வேலை. வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். கூரையின் இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் வழிவதற்காக இருக்கிற விளிம்பை விரலால் சுண்டினான்.

"இது போதும் மாமா. இதுல கவ்வுற மாதிரி ஆறு கிளாம்பு செஞ்சுக்கலாம். ஒரு மாடியே தாங்குற மாதிரி பலக அடிக்கிறேன், ஒரு நாற்காலி தாங்காதா?"

"மாடி ஒரே எடத்துல நிக்கும் மாமா. இது ஓடும்" என்றாள் மகள், ஜன்னலுக்கு உள்ளே இருந்து.

"பாரு அக்கா, உம் பொண்ண. வாயி மட்டும் ஜாஸ்தி."

மரக்கடையில் கோங்குச் சட்டம் எடுத்தோம். நீளத்துக்கு இரண்டு, குறுக்கே ஐந்து. மேலே வரிசையாக அடிக்க ஒல்லியான ரீப்பர் கட்டைகள். வெல்டிங் பட்டறையில் கிளாம்பு செய்து வாங்கினோம். பெயின்ட் போகாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிக் கிளாம்புக்குள் வைத்தோம். வியாழக்கிழமை சாயந்திரம் தரையில் போட்டுச் சட்டங்களைக் கோத்து முடித்தான் மச்சான். மறுநாள் வெள்ளி. வண்டிமேல் ஏற்றி, ரீப்பர் அடித்து, பூஜை போட்டுவிடலாம் என்று சொன்னேன்.

ராத்திரி சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு நாற்காலிய வச்சு அளந்துக்கிட்டு அப்புறம் ரீப்பர் அடிக்கச் சொல்லுங்க. முன் சக்கரம் சின்னது."

"சரிம்மா" என்றேன். சொன்னேன், கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. மச்சான் டீ குடித்துவிட்டு வந்து சேரும்போதே மணி ஒன்பதே முக்கால். மகளை அப்போதுதான் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்து மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலி வேண்டுமென்றால் அவளை எடுத்துக் கட்டிலில் விட்டு, மறுபடி உட்காரவைக்க வேண்டும். கால் மணி நேரம் போய்விடும்.

"சேரு வருமா மாமா? அளவு பாக்கணும்னு பாப்பா சொல்லிச்சாமே."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மச்சான். பத்தரைக்குள்ள கடைசி ஆணியும் எறங்கிடணும். அடி."

அடித்தான். ஆணி இறங்குகிற சத்தத்தில் தெரு நாய் எழுந்து போனது. ரீப்பருக்கு ரீப்பர் நாலு விரல் இடைவெளி, அவன் கண்ணளவுதான். பத்து இருபத்தைந்துக்குக் கடைசி ஆணி. பட்டை பட்டையாக விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். வார்னிஷ் அடித்ததும் புதுப் பல்லக்கு மாதிரி இருந்தது. தெருவில் நின்று நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வெள்ளோட்டம் கிளம்பினோம். மனைவி ஸ்டூல் போட்டு நின்று ஒரு பக்கம் பிடிக்க, நானும் மச்சானும் நாற்காலியை மேலே ஏற்றி நைலான் கயிற்றால் கட்டினோம். வழியில் வேகத்தடையில் ஒரு தடவை 'தடால்' என்றது. "கயிறு இறுகுது, அவ்ளோதான்" என்றான் மச்சான்.

கடற்கரையில் இறக்கப் போனால் நாற்காலி வரவில்லை. முன் சக்கரம் இரண்டும் ரீப்பர் இடைவெளிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டிருந்தன. இழுத்து எடுத்தபோது ஒரு சக்கரத்தைப் பிடித்திருந்த கம்பி வளைந்து, சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்து ஒரு கை கொடுத்தார்.

"அளவு பாக்காம அடிச்சீங்களா? எவன் ஆசாரி?" என்று கேட்டார்.

மச்சான் கடலைப் பார்த்தான்.

மகள் வண்டியில் உட்கார்ந்தபடி, திறந்திருந்த கதவு வழியாக அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாம்மா, நான் தூக்கிக்கினு போயி தண்ணிகிட்ட உக்காத்தி வைக்கிறேன்" என்றேன். "வேணாம்பா" என்றாள். கோணிய சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "ராகு காலத்துலயே அடிச்சிருக்கலாம்பா" என்றாள். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

நாற்காலி சரியாகி வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அவள் கட்டிலில்தான் கிடந்தாள். டியூஷன் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். கரும்பலகையில் எழுத ஆள் மாற்றி ஆள் அனுப்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் கடை திறக்கும்போது சாமி படத்துக்கு முன்னால் நான்தான் சொல்லிக்கொண்டேன்: நல்ல நேரத்தைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை.

நாற்காலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தேருக்கு ஐந்து நாள் இருந்தது. மச்சானுக்கு மறுநாளிலிருந்து தொடர்ந்து கான்கிரீட் வேலை. அன்றைக்கு மதியம் மூணு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றான். செவ்வாய்க்கிழமை மூணிலிருந்து நாலரை ராகு காலம். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாங்க, காலண்டர்ல எதும் எழுதியிருக்கா?" என்றாள் மனைவி, தெரிந்துகொண்டே.

மகள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "அப்பா, செவ்வாக்கெழம ராகு காலத்துலதான நம்ம கடையில எலுமிச்சம்பழமும் நெய்யும் வாங்கிட்டுப் போயி துர்க்கைக்கு வெளக்கு போடறாங்க?"

"ஆமா."

"அது நல்ல காரியமா, கெட்ட காரியமா?"

பூஜைச் சாமான் கடைக்காரன் நான். "வரச் சொல்லும்மா" என்றேன்.

இந்தத் தடவை பலகையைத் தரைக்கு இறக்கச் சொன்னாள். ரீப்பர் அத்தனையும் பிடுங்கி, நடுவில் இடைவெளி இல்லாமல் அகலப் பலகை போட்டான் மச்சான். அவள் நாற்காலியை உருட்டி அதன் மேல் ஏற்றி நிறுத்தினாள். டியூஷனுக்கு வைத்திருக்கிற சாக்பீஸை என்னிடம் கொடுத்து, நாலு சக்கரத்தையும் சுற்றிக் கோடு போடச் சொன்னாள். நான் மண்டி போட்டுக் கோடு போட்டேன். அந்தக் கோட்டை ஒட்டி நாலு பக்கமும் சின்னக் கட்டை அடித்து, சக்கரம் அசையாமல் உட்காருகிற மாதிரி பெட்டி பெட்டியாக ஆக்க வேண்டும் என்றாள்.

"இங்கயா பாப்பா?"

"அர இஞ்சு உள்ள மாமா."

"கணக்கு டீச்சரு வந்துட்டாங்கப்பா. நான் இருவது வருஷமா கண்ணால பாத்து அடிக்கிறவன்."

"கண்ணால பாத்துதான அன்னிக்கு அடிச்சீங்க?"

மச்சான் கணக்காக அரை இஞ்சு உள்ளே தள்ளி அடித்தான்.

பின்பக்க விளிம்பில் ஒரு முழம் பிவிசி பைப்பை உருளுகிற மாதிரி மாட்டச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "நாற்காலிய இதுல சாச்சுத் தள்ளுனா தானா மேல ஏறிடும். அம்மாவுக்குத் தோள்பட்ட வலி, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் அவளைத் தூக்கியது நான் மட்டும் இல்லை, வீட்டில் மனைவிதான் என்னைவிட அதிகம் தூக்கியிருக்கிறாள். அந்தத் தோள்பட்டையைப் பற்றியும் நான் கேட்டதில்லை. கயிற்றுக்குப் பதிலாக லாரிக்காரர்கள் சரக்கு கட்டுகிற பெல்ட் வாங்கி வந்தோம்.

எல்லாம் முடிந்து வண்டிமேல் ஏற்றி கிளாம்பு முடுக்கும்போது மணி நாலேகால். ராகு காலம் இன்னும் இருந்தது. நான் விபூதி குங்குமச் சம்புடத்தை எடுக்கவில்லை. மகளே கேட்டாள். "எங்கப்பா பொட்டு? நம்ம பலகைக்கு இல்லயா?" சம்புடத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் கைக்கு எட்டிய வண்டிக் கதவில் ஒரு பொட்டு வைத்தாள். மீதியை நான் மேலே வைத்தேன்.

வேண்டுதல் மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. என் கையால் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றுதானே சொன்னேன்? சாயரட்சைக்குப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் நின்றேன். "அப்போ அவளுக்கு நாலு வயசு. இப்போ இருபத்துமூணு. நான் சொன்ன வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன். தப்பு என்றால் என்னோடு போகட்டும்" என்று சொன்னேன். குருக்கள் விபூதி கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

தேர் அன்று காலையில் தூறல். முதுநகர் தாண்டி, குடிகாடு வரும்போது கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்காக வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். மனைவி மட்டும் ஏற்றவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் தலையை வெளியே நீட்டி மேலே பார்ப்பாள். "இருக்கு" என்பாள்.

"அது எழுந்து ஓடியாம்மா பூடும்?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. அன்னிக்கும் இப்டிதான் நெனச்சோம்."

சிதம்பரத்தில் ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெல்ட்டை அவிழ்த்து நாற்காலியைப் பைப்மேல் சாய்த்தேன். உருண்டு தானாக இறங்கி மனைவியின் கைக்கு வந்தது. அவள் ஸ்டூல் ஏறவே இல்லை. மகளை வண்டியிலிருந்து நாற்காலிக்கு மாற்றியது மட்டும்தான் நான் தூக்கியது. இரண்டே எட்டு.

தெற்கு வீதி முழுக்கக் கோலம். தூறலில் கலைந்ததை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார் தேரும் முருகன் தேரும் முன்னால் போய்விட்டன. கூட்டம் நெருக்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்தது. நின்றுகொண்டிருக்கிற எனக்கே தலைகள்தான் தெரிந்தன. உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும்? முதுகும் புடவையும்தான். என்னை அறியாமல் குனிந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"தெரியுதாம்மா?"

"சாமி மேலதான உக்காந்திருக்காரு. அண்ணாந்து பாத்தா எல்லாருக்கும் ஒரே தேருதாம்பா."

நடராஜர் தேர் ஆடி ஆடி வந்து எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. வடம் தளர்ந்து ரோட்டில் கிடந்தது. பெண்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் நாற்காலியை மெதுவாக முன்னால் தள்ளினேன். இடுப்பில் துண்டு கட்டி, வடத்தோடு வந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஆள் கையைக் காட்டித் தடுத்தார்.

"வீல்சேரெல்லாம் உள்ள வரக்கூடாது சார். தேரு கெளம்பிடும், ஓரம் போங்க."

"அண்ணா, ஒரே ஒரு தடவ வடத்தப் புடிச்சிட்டுப் போயிடறேன்" என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, குரலை இறக்கி, "நீங்க தூக்கிக்குங்களேன் சார். தொட்டுட்டுப் போவட்டும்" என்றார். பக்கத்தில் நின்ற பெண்ணும், "ஆமாங்க, தூக்கிக்காட்டுங்க, பாவம்" என்றாள். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். பதினாறு வருஷம் நானும் அதே நல்ல மனதோடுதான் இருந்தேன்.

மகள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நேராக வடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் அவள் விரல் வெளுத்திருந்தது.

"இல்லிங்க" என்றேன். "அவ இதுலயேதான் வருவா."

சொல்லும்போது என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அந்த ஆள் தேரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, தொடை கனத்துக்கு இருந்த அந்த வடத்தை இரண்டு கையாலும் வாரி எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்கம்மா. நான் சொன்னதும் வுட்டுடணும், இன்னா?"

"சரிண்ணா."

அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்னால் 'சிவ சிவா' என்று குரல் எழும்பியது. வடம் இறுகி அவள் மடியிலிருந்து எழுந்தது. அவளும் அதோடு முன்னால் சாய்ந்தாள். நாற்காலி நகரவில்லை.

"அப்பா, பிரேக்கு! பிரேக்குப்பா!"

கூட்டத்தில் உருண்டுவிடக் கூடாது என்று நான்தான் பிரேக் போட்டு வைத்திருந்தேன். பதறிக் காலால் தட்டி எடுத்தேன். நாற்காலி பாய்ந்து முன்னால் போனது. நான் பின்னால் ஓடிப் பிடித்தேன். அவள் தேரை இழுத்தாள், நான் அவளைத் தள்ளினேன். அந்த ஆள் பக்கத்திலேயே ஒரு கையை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு நடந்தார். மனைவி எங்கோ பின்னால், "பாத்துங்க, சக்கரம், சக்கரம்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். பதினைந்து எட்டு இருக்கும். தேர் நின்றது. "வுட்டுடும்மா" என்றார் அவர். விட்டாள்.

ஓரத்துக்கு வந்து நின்றோம். அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்து, நார் ஒட்டியிருந்தது. மனைவி முந்தானையால் துடைக்கப் போனாள். "இரும்மா" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

தேர் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"சாமியப் பாத்தீங்களாப்பா?"

அப்போதுதான் உறைத்தது. இல்லை, பார்க்கவில்லை. சக்கரத்தையும் அவள் கையையும் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவர் முகம் பக்கம் கண் போகவே இல்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"வுட்டுட்டேம்மா" என்றேன்.

"அப்ப அடுத்த வருஷமும் வந்துதான் ஆவணும்" என்றாள்.

வண்டிக்குத் திரும்பி நாற்காலியைப் பைப்மேல் சாய்த்துத் தள்ளினேன். ஏறியது. நாலு சக்கரமும் அதனதன் பெட்டியில் 'டக்' என்று உட்கார்ந்தன. தூறலில் குங்குமம் வழிந்திருந்தது. சாக்பீஸ் கோடு மட்டும் கட்டைக்கு அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெல்ட்டை இறுக்கினேன். மகள் உள்ளே இருந்து, "இடது பக்கம் இன்னும் ஒரு இழுப்பு" என்றாள். இழுத்தேன்.

கடலூர் ரோட்டில் முதல் வேகத்தடை வந்தது. மனைவி தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.